'தாக்கல்' என்ற சொல்லோடு எட்டு மாதம்

நீதிமன்ற மின்தாக்கலுக்கான தொழில்நுட்பத் தரநிலையை எழுதும் பணிக்குழுவில் சேரச் சொன்னபோது, எக்ஸ்எம்எல் ஸ்கீமா (தரவு எந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வரையறை) எழுதத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். வழக்கறிஞர்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு கோப்பு, அதோடு கொஞ்சம் விவரம், போய்ச்சேர ஒரு முகவரி. அதிகம் போனால் மூன்று மாத வேலை. முதல் கூட்டத்தில் இதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். எதிரே இருந்த பதிவக அலுவலர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "சரி தம்பி, மனு எப்போது தாக்கல் ஆகிறது?"

"அனுப்பு பொத்தானை அழுத்தும்போது" என்றேன்.

அன்று தொடங்கிய பேச்சு முடிய எட்டு மாதம் ஆனது.

கேள்வி விளையாட்டானது இல்லை. காலவரம்பு முடியும் நாள் இரவு 11.58-க்கு ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். பெரிய கோப்பு என்பதால் 12.01-க்குத்தான் சர்வருக்கு முழுதாக வந்து சேர்கிறது. மறுநாள் காலை பதிவக ஊழியர் திறந்து பார்த்து ஏற்றுக்கொள்கிறார். மாலையில் வழக்குப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆக நான்கு நேரங்கள். எந்த நேரத்தைத் தாக்கல் என்று எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து வழக்கே உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வழக்கறிஞர்கள் முதல் நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இரண்டாவதை. பதிவகத்தினர் மூன்றாவதை, குறையுள்ள காகிதத்தை வாங்கி வைத்தாலே அது தாக்கல் ஆகிவிடுமா என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லோர் பேச்சிலும் இருந்தது, அதுதான் தொல்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து நாங்களே எழுத நினைக்கவில்லை. ஒயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் லீகல்எக்ஸ்எம்எல் குழு ஏற்கெனவே ஈசிஎஃப் என்ற மின்தாக்கல் தரநிலையை வெளியிட்டிருந்தது. அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். அதன் நான்காம் பதிப்பு வேலையை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது: தாக்கலைத் தொகுப்பது, சரிபார்ப்பது, நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றுவது, எதிர்த்தரப்புக்குச் சார்பு செய்வது, அதாவது முறைப்படி கொண்டுசேர்ப்பது. இந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் செய்திகளைத்தான் தரநிலை வரையறுக்கிறது. உள்ளே யார் எந்த மென்பொருளை வைத்திருக்கிறார்கள் என்பது அதற்கு வேண்டாத விஷயம். அப்போது எனக்கு இந்தப் பிரிப்பு அளவுக்கு மீறியதாகப் பட்டது. ஒரே நிறுவனம் நான்கையும் செய்து தராதா என்ன? தரும். ஆனால் அப்புறம் அந்த நிறுவனத்தை விட்டு நீதிமன்றம் நகரவே முடியாது. இது எனக்குப் புரிய இரண்டு கூட்டம் ஆனது.

அதில் நான் தவறவிட்ட நுணுக்கம் ஒன்று இருந்தது. தாக்கலை அனுப்பியதும் உடனே வருவது 'வந்து சேர்ந்தது' என்ற பதில் மட்டுமே. ஏற்றார்களா, திருப்பினார்களா என்ற முடிவு பிறகு தனிச் செய்தியாக வரும். இடையில் மூன்று நிமிடமும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். மனிதர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டுமே. நான் எழுதிக்கொண்டு போன முதல் வரைவில் ஒரே பதில்தான் இருந்தது. ஊழியர் படித்து முடிக்கும்வரை இணைப்பு திறந்தபடி காத்திருக்கும்! யாரும் கேலி செய்யவில்லை. அதுவே கூடுதலாக உறுத்தியது.

கடைசியில் 'தாக்கல் நேரம்' என்ற புலத்தையே, அதாவது அந்த விவரத்தை நிரப்பும் இடத்தையே, தூக்கிவிட்டோம். அதற்குப் பதில் அனுப்பிய நேரம், பெற்ற நேரம், ஏற்ற நேரம், பதிவேட்டில் ஏறிய நேரம் என்று நான்கு புலங்கள். ஒவ்வொன்றையும் யாருடைய கடிகாரம் எழுத வேண்டும் என்றும் குறித்தோம். எதைச் சட்டப்படி தாக்கல் என்று கொள்வது என்பதைத் தரநிலை சொல்லாது. அது நீதிமன்ற விதியின் வேலை. இந்த இரண்டு வரியைச் சொல்ல எட்டு மாதமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம்.

நேரம் என்றதும் இன்னொன்று. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் தேதியையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் வகையில் நேர மண்டலம் கட்டாயம் இல்லை. விட்டுவிட்டாலும் ஸ்கீமா சோதனை 'சரி' என்று சொல்லிவிடும். முதல் கூட்டுச் சோதனையில் ஒரு மென்பொருள் மண்டலமே இல்லாமல் நேரத்தை அனுப்பியது, வாங்கிய மென்பொருள் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு மனு, அனுப்புவதற்கு முன்பே பெறப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. எல்லோரும் சிரித்தோம், ஆனால் உண்மையான வழக்கில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஸ்கீமாவின் 1.1 பதிப்பு 2012-இல் மண்டலத்தைக் கட்டாயமாக்கிய தனி வகையையே கொண்டுவந்தது. எங்களில் பலருடைய கருவிகள் இன்னும் 1.0-இலேயே இருந்ததால், அந்தக் கட்டுப்பாட்டை வாக்கியமாக எழுதித் தனிச் சோதனை வைத்தோம்.

வாக்கியமாக எழுதுவது என்றால் அதிலும் ஒரு முறை இருக்கிறது. இணையத் தரநிலை ஆவண வரிசையில் 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற சிறு ஆவணம், தரநிலைகளில் கட்டாயத்துக்கு ஒரு சொல், பரிந்துரைக்கு ஒரு சொல், விருப்பத்துக்கு ஒரு சொல் என்று வரையறுக்கிறது. அதே வரிசையில் 2017-இல் வந்த 8174, அந்தச் சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று தெளிவாக்கியது. வரைவை எனக்குப் புரிவதற்காகத் தமிழில் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நம் 'வேண்டும்' கட்டாயத்துக்கும் வரும், நல்ல யோசனைக்கும் வரும். பெரிய எழுத்து என்ற வசதியும் நமக்கு இல்லை. ஒவ்வொரு 'வேண்டும்'-இலும் நின்று, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதியபோதுதான் வரைவில் பாதிக் கட்டாயங்களுக்குப் பதிலே இல்லை என்பது தெரிந்தது. செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றால் அது ஏன் கட்டாயம்? அடுத்த கூட்டத்தில் பலவற்றைப் பரிந்துரையாக இறக்கினோம்.

அடுத்த பெரிய சண்டை நீதிமன்றங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் பற்றியது. கோப்பின் அளவு வரம்பு, ஆவண வகைப் பட்டியல், கட்டணம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இவற்றைத் தரநிலையில் எழுதினால் வெளியாகும் நாளன்றே பழசாகிவிடும். ஈசிஎஃப் காட்டும் வழி, ஒவ்வொரு நீதிமன்றமும் தன் கொள்கையை மனிதர் படிக்க ஒன்றாகவும் கணினி படிக்க ஒன்றாகவும் வெளியிடுவது. தாக்கல் செய்யும் மென்பொருள் முதலில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஐந்தாம் பதிப்பில் கொள்கையைத் தருவதையே தனிப் பகுதியாக்கிவிட்டார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தக் கதவைத் திறந்ததும் எல்லோரும் அதன் வழியே நுழையப் பார்த்தார்கள். ஒத்துவராத எதையும் "கொள்கையில் போட்டுவிடலாம்" என்று தள்ளுவது வழக்கமாயிற்று. ஒரு நாள் மாலை உட்கார்ந்து எண்ணினேன்: நீதிமன்றம் தன் இஷ்டப்படி மாற்றக்கூடிய இடங்கள் 41. அத்தனையும் மாறும் என்றால் ஒரு நீதிமன்றத்துக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் ஓடாது. பட்டியலை நீட்டியபோது அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. 14-ஆகக் குறைக்க ஒன்றரை மாதம் பிடித்தது. இன்றும் கேட்டால் அதில் ஐந்து அதிகம் என்பேன்.

கோப்பு வடிவத்தில் அவ்வளவு சிரமம் இல்லை. நீண்ட காலம் காப்பதற்கான பிடிஎஃப்/ஏ 2005 முதல் ஐஎஸ்ஓ தரநிலையாக இருக்கிறது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கச் சொல்கிறது, கடவுச்சொல் பூட்டைத் தடுக்கிறது. அதையே எடுத்துக்கொண்டோம். விவரங்களை மறைப்பது பற்றி மட்டும் ஒரு பத்தி சேர்த்தோம். கறுப்புப் பட்டையை மேலே ஒட்டிவிட்டு அடியிலுள்ள எழுத்தை அப்படியே விட்டால், யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் படித்துவிடலாம்.

ஆவணம் வழியில் மாறவில்லை என்பதைக் காட்ட ஹேஷ் மதிப்பு, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஓர் எண், தேவைப்பட்டது. பழைய அமைப்பு வைத்திருந்த ஒருவர் அதைக் கணக்கிட ஷா-1 என்ற பழைய முறையே போதும் என்று பிடிவாதமாக இருந்தார். 2017-இல் ஆய்வாளர்கள் உள்ளடக்கம் வேறு, ஷா-1 மதிப்பு ஒன்று என்று இரண்டு கோப்புகளை வெளியிட்டுக் காட்டியிருந்தார்கள். இரண்டுமே பிடிஎஃப் கோப்புகள். அவற்றைத் தரவிறக்கி அவர் மடிக்கணினியிலேயே ஓட்டிக் காட்டினேன். அதைவிட வலுவான ஷா-256 என்று எழுதிக்கொண்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஹேஷில் வரவில்லை, பெயரில் வந்தது. சோதனைத் தரவுக்காக எதிர்வாதிக்குக் கோமதி என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன். ஒரு மென்பொருள் அனுப்பியது, இன்னொன்று வாங்கியது, திரையில் அழகாகக் கோமதி. தேடினால் அப்படி ஒருவரே இல்லை! யூனிகோடில் ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஒரு மென்பொருள் முதல் வகையில் சேமித்திருந்தது, மற்றது இரண்டாம் வகையில் தேடியது. பெயர்களையெல்லாம் என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவுக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்ற விதி அப்படித்தான் உள்ளே வந்தது. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்திருந்தால் அது வந்தே இருக்காது. குடும்பப் பெயர் கட்டாயம் என்றிருந்த புலத்தையும் அந்தச் சூட்டோடு விருப்பமாக மாற்றினோம். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அங்கே புள்ளியோ கோடோ போட்டுச் சமாளிப்பதை எவ்வளவு நாள் பார்ப்பது?

பொதுக் கருத்துக்கு விட்ட 30 நாட்களில் முதல் மூன்று வாரம் ஒரே ஒரு கருத்துதான் வந்தது, அதுவும் எழுத்துப்பிழை பற்றி. கடைசி இரண்டு நாளில் மிச்சமெல்லாம் கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஏற்றோம், மறுத்தோம், ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். மறுப்புக்குக் காரணம் எழுத உட்கார்ந்தபோது நாங்களே தவறு என்று தெரிந்த இடங்கள் ஆறு. அதில் ஒன்று, மனுவோடு வந்த பத்து இணைப்புகளில் ஒன்றில் மட்டும் குறை இருந்தால் என்ன செய்வது என்பது. முழுத் தாக்கலையும் திருப்பு என்று வைத்திருந்தோம். ஒரு சட்ட உதவி மையத்திலிருந்து எழுதியவர், கட்டணம் கட்டியாயிற்று, கெடு முடிந்தாயிற்று, ஒரு மங்கலான ஸ்கேனுக்காக எல்லாமே போகவா என்று கேட்டிருந்தார். முடிவை ஆவணவாரியாகச் சொல்லும்படி மாற்றினோம். ஒவ்வோர் இணைப்புக்கும் வரிசை எண் சேர்த்தது அப்போதுதான்.

ஒயாசிஸில் ஒரு விவரக்குறிப்பு முழுத் தரநிலையாக வேண்டுமானால், அதைப் பயன்படுத்தியதாக மூன்று தரப்பாவது எழுதித் தர வேண்டும். நாங்களும் அதே கணக்கை வைத்துக்கொண்டோம். மூன்றாவது கடிதம் கிடைக்க நான்கு மாதம் அலைந்தோம். அதுபற்றிச் சொல்லச் சுவாரசியமாக எதுவும் இல்லை. நினைவூட்டல் மின்னஞ்சல்கள், அவ்வளவே.

வெளியான மூன்றாம் வாரம் முதல் பிழைத்திருத்தக் கோரிக்கை வந்தது. நேரத்தைப் பற்றி இருக்கும் என்று நடுங்கிக்கொண்டே திறந்தேன். இல்லை. ஒரு நீதிமன்றத்தில் மூன்றாம் இணைப்பு என்று திருப்பியதை, வழக்கறிஞரின் மென்பொருள் நான்காம் இணைப்பு என்று காட்டியிருக்கிறது. வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறதா, பூஜ்யத்திலிருந்தா என்று நாங்கள் எங்குமே எழுதவில்லை.