வடதுருவத்துக்குப் போன விமானங்கள்

மட்டக்களப்பில் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்ததெல்லாம் ஒரு யூஎஸ்பி ரிசீவரும் பழைய டிஷ் கேபிளும்தான். கேபிள் நுனியில் 6.9 சென்ரிமீற்றர் செப்புக் கம்பி, விமானங்கள் தம் இடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளத்தில் காற்பங்கு. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியோடு அதை இழுத்துக் கட்டினோம். வாவிக்கரை விமானத் தளத்துக்கு வருவது குறைவு. உயரத்தில் கடந்து போகிறவைதான் எங்களுக்குத் தீனி. அநேகமாக ஒவ்வொரு விமானமும் தன் இடத்தைச் செக்கனுக்கு இரண்டு தடவை அறிவித்தபடி போகும். ஏடிஎஸ்-பி என்பது இதுதான்.

முதல் நாள் எல்லா விமானமும் வடதுருவப் பனிக்கடலுக்கு மேல் பறந்தன. பிழை என்னுடையது. எங்கள் இடத்தைக் கொடுக்கும்போது அகலாங்கு 7.7, நெட்டாங்கு 81.7 இரண்டையும் இடம்மாற்றிப் போட்டிருந்தேன். அதற்கு விமானம் ஏன் நகர வேண்டும்? செய்தி மொத்தமே 112 பிட். இடத்தை முழுதாகச் சொல்ல அதில் வசதியில்லை. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ‘மூன்றாம் குறுக்குத் தெரு’ என்று மட்டும் சொல்வது போல. எங்கள் ரிசீவர், கேட்கிறவன் நிற்கும் ஊரை வைத்து மிச்சத்தை நிரப்பிக்கொண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். காத்தான்குடி மாணவி ஒருத்தி சிரிக்கவில்லை. “நீங்க தெரியாமப் போட்டீங்க சேர். தெரிஞ்சே ஒருத்தன் பொய் சொன்னா?”

உண்மையில் அந்தச் செய்தியில் கையொப்பமும் இல்லை, பூட்டும் இல்லை. சொன்னதை நம்புவதுதான். மோதல் தவிர்க்க விமானத்திலேயே இருக்கும் டீகாஸ் கருவி கொஞ்சம் கெட்டிக்காரன் என்றேன். பக்கத்து விமானத்தைக் கேள்வி கேட்டு, பதில் வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைத் தானே அளக்கும். ரேடியோ அலை மைக்ரோசெக்கனுக்கு 300 மீற்றர் போகும். நெருக்கடியில் இரண்டு கருவிகளும் ‘நீ மேலே, நான் கீழே’ என்று பேசி முடித்துவிடும்.

2002 யூலை 1 இரவு, தென் ஜேர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே அப்படித்தான் பேசி முடித்தன. ரஷ்ய டுப்போலெவுக்கு ‘ஏறு’, சரக்கு விமானத்துக்கு ‘இறங்கு’. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் டுப்போலெவை இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதக் குரலைக் கேட்டார்கள். இரண்டும் இறங்கின. 71 பேர். டீகாஸ் சொன்னால் அதையே கேள் என்ற விதி அதன் பிறகுதான் ஐயமில்லாமல் எழுதப்பட்டது.

அவள் கொப்பியை மூடவில்லை.

“உயரத்தையும் டீகாஸே அளக்குமா சேர்?”

“இல்ல. உயரம் மற்ற விமானம் சொல்றதுதான்.”

“அப்ப அதுவும் சொன்னத நம்புறதுதானே.”