'வெளியே போ' என்று சொன்ன பிறகு

"நோட்டை எடு."
"எடுக்க மாட்டேன்."
"கடைசியா சொல்றேன், எடு."
"முடியாது சார்."
"அப்போ வெளியே போ."

ஏழாம், எட்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த ஐந்து வரிகள் மனப்பாடம். இருபது விநாடிகூட ஆகாது. மணி அடித்த பிறகும், விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் மனசுக்குள் ஓடுவது இதுதான்.

எங்கே தவறுகிறது என்று பின்னோக்கிப் பார்த்தால், என் கணக்கில் அது மூன்றாவது வரி. அதுவரை பேச்சு நோட்டைப் பற்றி இருந்தது. 'கடைசியா' என்றதும் யார் ஜெயிப்பது என்று ஆகிவிடுகிறது. 13 வயதில், முப்பது பேர் பார்க்கத் தோற்பதைவிடத் தண்டனை வாங்குவது எளிது.

இரண்டாவது வரிக்குப் பிறகு செய்ய வேண்டியது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல. அருகில் போகணும், நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் விட்டு நிற்கணும். குரலைத் தாழ்த்தி, ஏழெட்டுச் சொல்லில் ஒரே ஒரு முறை சொல்லணும். "இங்கேயே எழுதறியா, முன் பெஞ்சுக்கு வந்து எழுதறியா?" சொன்னதும் பார்வையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்து, பத்து விநாடி காத்திருக்கணும். அந்தப் பத்து விநாடிதான் நம்மால் முடிவதில்லை. சாதாரணக் கேள்வி கேட்டுவிட்டே ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து காட்டினார். எதிர்த்துப் பேசியவனுக்கு எங்கிருந்து பத்து விநாடி வரும்?

இன்னும் பின்னால் போனால், 'எடுக்க மாட்டேன்' என்பதே தாமதமான கட்டம். மாணவர் நடத்தையை ஆராய்ந்த ஜெஃப் கால்வினும் ஜார்ஜ் சுகாயும் இந்தச் சீற்றத்தை ஏழு கட்டங்களாகப் பிரித்தார்கள். அமைதி, தூண்டல், கலக்கம், ஏற்றம், உச்சம், தணிவு, மீட்சி. வாக்குவாதம் நான்காவது. அதற்கு முன் கலக்கத்திலேயே அடையாளம் தெரியும்: பேனாவைத் திறந்து திறந்து மூடுவது, கால் ஆட்டம், கண் ஓரிடத்தில் நிற்காதது. அப்போது "இந்தத் தாளைப் பக்கத்து வகுப்பில் கொடுத்துட்டு வா" என்று அனுப்பினால் பல நாள் அதோடு முடிந்துவிடும்.

ஆனாலும் 'வெளியே போ' என்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துப் பெண்ணின் கையை முறுக்கியவனிடம் பக்கவாட்டில் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருக்க முடியாது. நாற்காலி பறக்கிற அளவுக்குப் போய்விட்டால் அவனை இழுக்கக் கூடாது, மற்றவர்களை வரிசையாக வெளியேற்றுவதுதான் பத்திரம். அவனிடம் 'ஏன் செய்தாய்' என்று கேட்க அரை மணியாவது போகணும். அதற்கு முன் கேட்டால் மறுபடி உச்சத்துக்கே போவான்.

இதில் மிகவும் உறுத்துவது வேறொன்று. அடிக்கடி வெடிக்கிற ஒருவனுக்கு, ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு, முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் நேரத்தோடு குறித்துப் பாருங்கள். கணக்குப் பாடவேளையில் ஒன்றும் இருக்காது. வாய்விட்டு வாசிக்கும் முறை வருகிற நாளெல்லாம் வெடித்திருப்பான். வாசிக்கத் தெரியாதவன் என்று அம்பலப்படுவதைவிட முரடன் என்ற பெயர் அவனுக்குத் தேவலை. அவனைப் பொறுத்தவரை 'வெளியே போ' தண்டனையே இல்லை, விடுதலை. நாம் சொல்லச் சொல்ல அவனுக்கு அந்த வழி பழகுகிறது. இவனுக்கு முதல் நாளே ஒரு பத்தியைக் கொடுத்துப் பழக்கி, மறுநாள் இரண்டு வாக்கியம் மட்டும் வாசிக்க வைக்கலாம்.

கவனம் கேட்டுச் செய்கிறவனுக்கு இதே வைத்தியம் பலிக்காது. கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் இன்னும் கூடும். நான்காம் நாள் பொறுக்காமல் கத்திவிட்டால், நாலு நாள் விடாமல் செய்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அதனால் சும்மா இருக்கும்போது அவனைக் கவனிக்கணும், அதுவும் ரகசியமாக. இந்த வயசில் வகுப்பறிய 'சபாஷ்' என்றால் மானம் போய்விடும்.

சில தாள்களில் வகுப்பறைக் காரணம் எதுவுமே இருக்காது, திங்கட்கிழமைகள் மட்டும் இருக்கும்; வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அங்கே துருவக் கூடாது. அவனாகச் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதி, அன்றைக்கே பொறுப்பானவரிடம் சேர்க்கணும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

வெளியே போனவன் திரும்பி வருவான். வந்ததும் மன்னிப்புக் கேட்க வைக்காமல், பக்கத்தைத் திருப்பி வைத்து, "ஆறாவது கேள்வியில இருக்கோம்" என்று சொல்வதுதான் சரி. ஆசிரியர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறோம், நானும் நம்புகிறேன். ஆனால் கை முறுக்கப்பட்ட அந்தப் பெண் அதே பெஞ்சிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது?