அப்புவின் கால்

நேற்று டிவியில் ‘அபூர்வ சகோதரர்கள்’ ஓடியது, எத்தனையாவது தடவையோ தெரியாது, ஆனால் குள்ளன் அப்புவாகக் கமல் வரும் காட்சிகளில் கண் இன்னமும் அவர் காலைத்தான் தேடுகிறது. 1989-ல் கம்ப்யூட்டர் வித்தையெல்லாம் ஏது? பிற்பாடு இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவே சொன்னதுதான்: கேமரா நேருக்கு நேர் இருந்தால் தரையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி அதில் கமலை நிற்க வைத்திருக்கிறார்கள், நடக்க வேண்டுமென்றால் பள்ளத்தை நடக்கும் தூரத்துக்கு நீட்ட வேண்டியதுதான். பக்கவாட்டில் எடுத்தால் காலைப் பின்னால் மடித்துக் கட்டி, முழங்காலில் தனியாகச் செய்த ஷூ. அதோடு ஆடவும் செய்திருக்கிறார் மனுஷன்! நமக்கு ஐந்து நிமிடம் முட்டி போட்டாலே உயிர் போகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது உட்கார்ந்து காலை ஆட்டும் காட்சிதான். நிஜக் கால் நாற்காலிக்குள்ளே ஒளிந்திருக்கும், வெளியே தொங்குவது பொம்மைக் கால், அதை ஆட்டியது ரிமோட்.

அப்புறம் இன்னொன்று, முதலில் இது பழிவாங்கும் கதையே இல்லையாம். சில நாள் படப்பிடிப்பு முடிந்த பிறகு கமலுக்கே திருப்தி இல்லாமல் கதாசிரியர் பஞ்சு அருணாசலத்திடம் போக, அவர்தான் அப்பா கொலை, வில்லன்கள் என்று கதையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! டைட்டிலில் ‘கதை’ என்று பஞ்சு சார் பேர் வருவது அதனால்தான்.