கூட்டு மாநாட்டில்தான் தெரியும் மாட்யூலின் தரம்

மாதிரி ரயில் குழுக்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே மண்டபத்தில் மாநாடு நடத்தினால் வாடகைச் சுமை குறையும், கடைக்காரர்களும் கூடுதலாக வருவார்கள். அதைவிடப் பெரிய பலன், ஒரு குழுவின் மாட்யூலை (தண்டவாளம் பதித்துத் தனித்தனியாகச் செய்து, ஒன்றோடொன்று பூட்டும் மேடைத் துண்டு) இன்னொரு குழுவின் மாட்யூலோடு பூட்டி ரயில் ஓட்டும்போது கிடைப்பது. எட்டுப் பெட்டிகளில் மறைந்திருந்த குறை நாற்பது பெட்டி ரயிலில் முதல் வளைவிலேயே வெளிப்பட்டுவிடும்.

பெட்டியின் எடையைப் பாருங்கள். எச்ஓ எனப்படும் மாதிரி அளவுக்கு (அசலில் 87-இல் ஒரு பங்கு, 1:87) அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைப்பது, அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டி என்றால் 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். இதைவிட லேசான பெட்டி நீண்ட ரயிலின் முன்பகுதியில் இருந்தால், பின்னாலுள்ள பாரம் இழுக்க, வளைவின் உட்பக்கம் சரிந்து தடம் புரளும். அதைக் கடைசியில் மாட்டினால் அன்றைக்குச் சமாளிக்கலாம். எடை சேர்ப்பதுதான் சரியான தீர்வு.

அதிக நேரத்தைத் தின்பது டிசிசி மின்இணைப்பு, அதாவது தண்டவாளம் வழியே இன்ஜின்களுக்கு மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளையும் அனுப்பும் முறை. ஒரே லோகோநெட்டில் (கருவிகளை இணைக்கும் கேபிள் வலை) இரண்டு கமாண்ட் ஸ்டேஷன்கள் (கட்டளைகளை உருவாக்கும் பெட்டி) இருக்கவே கூடாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை பூஸ்டராக, அதாவது கட்டளையைப் பெருக்கித் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவியாக மாற்றுங்கள். இரண்டு பூஸ்டர்களின் எல்லையில் சக்கரம் ஏறியதும் ஷார்ட் ஆனால், பெரும்பாலும் வயர்கள் இடம் மாறியிருக்கும். அந்த எல்லையில் தண்டவாளத்தில் விட்டிருக்கும் இடைவெளியின் இருபுறமும் ஒரே பக்கத் தண்டவாளத்தில் மீட்டரை ஏசியில் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சரி. கணிசமான வோல்டேஜ் காட்டினால் ஒரு பூஸ்டரின் வெளியீட்டு வயர்களை மாற்றிக் கொடுத்தால் போதும். மாட்யூல்களின் அடியில் ஓடும் முதன்மை வயரான பஸ் வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒவ்வொரு மாட்யூலிலும் இரு தண்டவாளங்களின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அந்த இடத்துக்கு ஃபீடர் (பஸ் வயரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் கிளை வயர்) போதவில்லை. அப்படியே விட்டால், தடம் புரண்ட இன்ஜின் வழியே மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்து அதன் போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உருகிப்போகும்.

கட்டளையை வாங்கி இன்ஜினை இயக்கும் சிப்பான டீகோடர்கள் ஆலையிலிருந்து 3 என்ற முகவரியோடுதான் வருகின்றன. ஒருவர் தன் திராட்டிலை (கையில் பிடிக்கும் வேகக் கட்டுப்படுத்தி) திருப்பினால் ஊரார் இன்ஜின்களும் சேர்ந்து கிளம்பும். பதிவு செய்யும்போதே நான்கு இலக்க எண் வரிசைகளைக் குழுவாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

மாட்யூல்களின் உயரம் வேறுபட்டால் இணைப்பு மாட்யூல் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். 2 சதவீதச் சரிவில் ஓர் அங்குலம் ஏற 50 அங்குல நீளம் பிடிக்கும். சரிவு தொடங்கும், முடியும் இடங்களைச் சீராக வளைக்க இன்னும் கொஞ்சம் கூடும். மண்டபத்துக்கு வந்தபின் அட்டை செருகிச் சரிசெய்தால் பெட்டிகளைப் பிணைக்கும் கப்ளர்கள் மேலும் கீழும் வழுக்கிக் கழன்றுவிடும்.

ஓஎன்30 (குறுகிய பாதை ரயில்களின் மாதிரி அளவு) குழு வந்தால் தாராளமாக வரவேற்கலாம். அளவு 1:48 என்றாலும் அவர்களின் தடமும் எச்ஓவைப் போல 16.5 மி.மீ. அகலம்தான். ஆனால் அவர்களின் பெட்டிகள் அகலமும் உயரமும் கூடியவை. பிளாட்ஃபாரத்திலும் குகைவாயிலிலும் இடிக்கும். அவர்களில் மிகப் பெரிய பெட்டியை முதலில் கையால் தள்ளி முழுச் சுற்றும் பார்த்துவிட்டு, பிறகு இன்ஜினை மாட்டச் சொல்லுங்கள்.