பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் படித்த விதம்: நெட் தொல்லியல் எழுதுபவர்களுக்கு

யுஜிசி நெட் தேர்வுக்குத் தொல்லியலை எடுப்பவர்கள் பலரும், இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய பெருங்கற்காலத்தைப் பட்டியலாகத்தான் படிக்கிறார்கள். இடம், அகழ்ந்தவர், ஆண்டு, கிடைத்த பொருள் என்று கட்டம் போட்டு உருப்போடுவது. அந்தப் பட்டியல் வேண்டியதுதான், ஆனால் கடைசியில் வேண்டியது. அதிலேயே தொடங்கினால் பிரம்மகிரி, சாணூர், கொடுமணல் என்று அகழ்ந்த இடங்கள் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒவ்வொரு ஈமச்சின்னத்தையும் மேலிருந்து கீழே வெட்டிப் பார்ப்பதுபோல் படம் வரைந்து படித்தேன்.

தரைக்கு மேலே என்ன தெரிகிறது, உள்ளே அறை எப்படி இருக்கிறது, எலும்பு எந்த நிலையில் கிடக்கிறது, கூட என்ன வைத்து மூடியிருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் படத்தில் பதில் இருக்க வேண்டும். பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த அறை தரைக்கு மேலே நின்றால் கல்திட்டை. அதே அறை மண்ணுக்குள் இருந்தால் கற்பதுக்கை. கல்வட்டம் வெளி அடையாளம் மட்டும்தான். அதற்குள் பதுக்கை இருக்கலாம், தாழி இருக்கலாம், கால்கள் வரிசையாக வைத்த சுடுமண் ஈமப்பேழையும் இருக்கலாம். பொருத்துக வகைக் கேள்விகளில் பலர் மதிப்பெண்ணை விடுவது இந்த இடத்தில்தான். கேரளத்தின் குடைக்கல், தொப்பிக்கல், செம்புரைப் பாறையில் குடைந்த அறைகள் ஆகியவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

ஒரே ஒரு இடத்தை ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் பிரம்மகிரியை எடுங்கள். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் 1947இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். அங்குள்ள பதுக்கையில் நான்கு கருங்கல் பலகைகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். சுற்றியுள்ள மண் அழுத்தி ஒரு பலகை உள்ளே சாயப் பார்த்தால் பக்கத்துப் பலகை அதைத் தடுத்து நிறுத்தும். தடித்த அட்டைகளை அப்படி நிறுத்தி வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள், புரிந்துவிடும். கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு இடுதுளை, அதாவது அறைக்குள் திறக்கும் ஓட்டை. இவ்வளவு பெரிய கல்லை உடைத்து, இழுத்து வந்து, துளை போட்டு நிறுத்த எத்தனை பேர் கூடியிருக்க வேண்டும்! அந்தச் சமூகத்தின் அமைப்பைப் பற்றிய கேள்விக்கு நல்ல விடை இங்கிருந்துதான் தொடங்கும்.

அப்புறம் எலும்பு. பெரும்பாலான பதுக்கைகளில் முழு உடல் இருக்காது. உடலை வேறெங்கோ இட்டுவைத்து, சதை போன பிறகு சில எலும்புகளை மட்டும் எடுத்துவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். இதுதான் இரண்டாம் நிலை அடக்கம். ஒரே பதுக்கையில் பலருடைய எலும்புகள் சேர்ந்து கிடப்பதும் உண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டப் பகுதியில் சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஐந்து முறைகளும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே ஊரில் பல வழக்கங்கள் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடினாலும் கிடைக்காது. ஆனால் காப்பியம் பிந்தியது என்பதை மறக்காதீர்கள். அதை வைத்துப் பல நூற்றாண்டு மூத்த தாழிக்கு விளக்கம் சொல்லக் கூடாது.

ஆதிச்சநல்லூரில் கல்வட்டமே கிடையாது. தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் மேட்டில், பாறையைக் குடைந்த குழிகளில் தாழிகள். கல்லே இல்லாத இடம் எப்படிப் பெருங்கற்காலப் பண்பாட்டில் சேர்கிறது? இரும்புக் கருவிகளும் கருப்பு-சிவப்புப் பானைகளும் அங்கும் கிடைப்பதால்தான். கூற்று-காரணம் கேள்விக்கு ஏற்ற விஷயம் இது. பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருட்கள் முதலியவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போகிறவர்கள் கருப்பு-சிவப்புப் பானை ஒன்றின் முன் நின்று உட்புறத்தையும் விளிம்பையும் கவனியுங்கள்: அங்கே கருப்பு, வெளியே கீழ்ப்பகுதியில் சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று போகவில்லை என்பது பாடநூல் தரும் விளக்கம்.

காலக்கணிப்பில் எண்ணை மட்டும் படித்தால் பயனில்லை. வீலர் பெருங்கற்காலத்தைக் கி.மு. 200 அளவில் தொடங்கினார். பிரம்மகிரியில் அதற்கு மேலிருந்த ஆந்திரப் பண்பாட்டு அடுக்கின் பானைகளை, 1945இல் தாம் அகழ்ந்த, ரோமானியப் பொருட்களால் காலம் தெரிந்த புதுச்சேரி அரிக்கமேட்டோடு ஒப்பிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிய கணக்கு அது. பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் கரிமக் கணிப்பு வந்ததும் எல்லாத் தேதியும் இன்னும் பழைய காலத்துக்குப் போயிற்று. கர்நாடகத்தின் ஹள்ளூர் கி.மு. 1000 அளவுக்குப் போனது. தமிழகத்தில் பொருந்தல் என்ற இடத்தின் நெல்லுக்குக் கி.மு. 490, சிவகளைத் தாழியில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று வந்தன. 2025 ஜனவரியில் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சிவகளை இரும்பைக் கி.மு. நான்காம் ஆயிரத்துக்கே கொண்டுபோகிறது. தேதி எழுதும்போது அது நெல்லுக்கு வந்ததா, கரிக்கு வந்ததா, பானைக்கு வந்ததா என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். ஒரு தாழியின் தேதியைத் தென்னிந்தியா முழுவதற்கும் நீட்டிவிடாமல் இருக்க இந்தக் குறிப்புதான் காப்பு.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் படித்தவர்கள் கல்திட்டைக்கு டால்மன், பதுக்கைக்கு சிஸ்ட், தாழிக்கு அர்ன், ஈமப்பேழைக்கு சார்க்கோஃபேகஸ் என்று படத்திலேயே இரண்டு பெயரையும் எழுதிப் பழகுங்கள். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள். ஆய்வு வரலாற்றைக் கால வரிசையில் கேட்டால் இந்த முதுகெலும்பு போதும்: மலபார் பற்றி பாபிங்டன் கட்டுரை 1823, மெடோஸ் டெய்லர் 1850களில், ஆதிச்சநல்லூரில் யாகோர் 1876, அங்கேயே அலெக்சாண்டர் ரீ 1899 முதல், வீலர் 1947. அதற்குப் பிறகு வந்தவர்களை இந்த வரிசையின் கீழே ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.