பெரிய வெள்ளிக்கு லீவு எழுதியாச்சா?

மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் பெரிய வெள்ளி (புனித வெள்ளி) பொது விடுமுறை. தீபகற்பத்தில் இருக்கிற நாம்தான் சொந்த லீவில் ஒரு நாளை வெட்டணும். வருசா வருசம் இதே கதை!

இயேசு உயிர்விட்ட நேரம் என்பதால் கத்தோலிக்கக் கோவில்களில் வழிபாடு பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்கு. அன்று பூசை (திருப்பலி) கிடையாது. பீடத்தில் துணிகூட இருக்காது, மணிச் சத்தத்துக்குப் பதில் மரக்கட்டை 'கடகட'ன்னு ஒலிக்கும். சிலுவையை முத்தமிடும் வரிசையில் பாட்டிமார் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தவர்கள் கடைசி வரிசையில்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம்தான், அதையே இழுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். கோலாலம்பூர் ஜாமில் நடக்கிற காரியமா அது? லீவு பாரத்தை இப்பவே நீட்டிடுங்க.