அம்மா வீட்டுக்கு மின்னிலக்கம் வந்த கதை

பழைய டிவி ஒளிபரப்பை நிறுத்தப்போகிறார்கள், இனி மின்னிலக்கம்தான் (டிஜிட்டல்) என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உன் ரேடியோ மாதிரி ஆகிடாதே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சிங்கப்பூரில் மின்னிலக்க வானொலி 1999லேயே வந்துவிட்டது. ஒலி துல்லியமாக இருக்கும், திரையில் எழுத்து ஓடும் என்று நானும் ஆசைப்பட்டு ஒரு பெட்டி வாங்கினேன். ஒலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப்போல வாங்கியவர்கள் குறைவு. 2011 டிசம்பரில் சேவையை மூடிவிட்டார்கள். இன்று அந்தப் பெட்டி மணி மட்டும் காட்டுகிறது. அம்மாவின் பழைய எஃப்எம் பெட்டியோ தமிழ் வானொலியான ஒலி 96.8ஐ இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

டிவி கதை அப்படியே தலைகீழ். 2013 கடைசியிலிருந்து இரண்டு ஒளிபரப்பும் சேர்ந்தே ஓடின. பழையதை 2017 முடிவில் நிறுத்துவதாகத் திட்டம். நான் அவசரக்காரன். முன்கூட்டியே கடைக்குப் போய், இங்குள்ள மின்னிலக்க ஒளிபரப்பு முறையான டிவிபி டி2 என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து, அந்த அலையைப் பழைய டிவியில் காட்டும் ஒரு பெட்டியும் ஆன்டெனாவும் சொந்தக் காசில் வாங்கிவந்தேன். அப்புறம் என்ன, காலக்கெடு ஓராண்டு தள்ளிப்போனது. 2018ல் கட்டண டிவி இல்லாத வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளுக்கும் அரசாங்க உதவி என்று அறிவிப்பு வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

பெட்டியை மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆன்டெனாதான் ஒரு சனிக்கிழமையை முழுதாகத் தின்றது. பழைய ஒளிபரப்பில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், முகம் இரட்டையாகத் தெரியும், ஆனாலும் பார்க்கலாம். மின்னிலக்கத்தில் அந்த இடைநிலை கிடையாது. படம் பளிச்சென்று வரும், கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றுமே இல்லை. டிவி பக்கத்தில் வைத்தேன், தமிழ் அலைவரிசையான வசந்தம் வரவேயில்லை. சாமி அலமாரி மேல் வைத்தேன். வந்தது, அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஜன்னல் கம்பியில் கட்டி, புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பினேன். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அலைவரிசைகளை மறுபடி தேடவைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஏழு அலைவரிசையும் வரிசையாக வந்து நின்றபோது சாயங்காலமாகிவிட்டது.

பெரிய ரிமோட் எதற்கு, சின்ன ரிமோட் எதற்கு என்பதைப் பழக்க இன்னும் இரண்டு வாரம். பெட்டிக்கானதில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். அது வேலை செய்தது.

2019 ஜனவரி 2 காலை அம்மாவிடமிருந்து அழைப்பு. கூடத்து டிவி நன்றாக ஓடுகிறதாம். சமையலறையில் இருந்த குட்டி டிவியில் மட்டும் வெறும் இரைச்சல். ஒவ்வொரு பழைய டிவிக்கும் தனிப் பெட்டி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குட்டி டிவியைத்தான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

"சாயந்திரம் வந்து பார்க்கிறேன்மா" என்றேன்.

"மெதுவா வா, ரேடியோ போட்டுட்டேன்" என்றார்.